9 மில்லிமீற்றரா, 45ஆ? ஒட்டுசுட்டானில் இருந்து என் பதில்

2024 ஒக்ரோபர் 6

நெடுங்கேணித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிஸ்ரல் எண்டால் 45தான் அண்ணை. மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான். நீங்கள் சுவிஸில் கிளப்பில் சுட்டவர்தானே, உங்களுக்குப் பிடிச்ச கலிபர் எது, பிடிக்காதது எது?”

கலிபர் என்றால் ஏறக்குறைய குண்டின் விட்டம்; .22, .40, 45 எல்லாம் அங்குலத்தில் நூறில் இத்தனை பங்கு என்ற கணக்கு. பிடித்தது .22. பிடிக்காதது .40. தம்பியின் 45 என் வரிசையில் நாலாவது, ஐந்தாவது இடத்தில் எங்கேயோ நிற்கிறது.

முதலில் தம்பியின் கணக்கை எடுப்போம். “பெரிய குண்டு, பெரிய அடி” என்கிறார். தம்பி சொல்கிற 45இன் ரவைக்குப் பெயர் 45 ஏசிபி. அதன் வழமையான குண்டு 14.9 கிராம், விநாடிக்கு 255 மீற்றர் அளவில் போகும். 9 மில்லிமீற்றர் பரபெல்லம் என்கிற ரவையின் குண்டு 8 கிராம், போவது 350 மீற்றர் அளவில். சக்தியைக் கணக்குப் பார்த்தால் இரண்டும் 490 யூல் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் கைக்கு வரும் உதை வேறு கணக்கு. அது எடையையும் வேகத்தையும் நேரே பெருக்கி வருவது. அதில் 45 மூன்றில் ஒரு பங்கு கூட. அதாவது 9 செய்கிற அதே வேலைக்கு 45காரன் கூடுதல் உதை வாங்குகிறான், மகசினிலும் குறைந்த ரவைகளோடு நிற்கிறான். பழைய 1911 மாதிரிப் பிஸ்ரலின் மகசினில் 7 ரவைதான்.

.40 ஏன் பிடிக்காது என்றால் அதன் பிறப்பே எனக்குப் பிடிக்கவில்லை. 1986 ஏப்ரல் 11இல் அமெரிக்காவின் மயாமியில் எப்.பி.ஐ. ஆட்களுக்கும் இரண்டு கொள்ளையருக்கும் நடந்த சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். பழியை 9 மில்லிமீற்றர் குண்டின் மேல் போட்டார்கள். பெரியது வேண்டும் என்று 10 மில்லிமீற்றருக்குப் போனார்கள். அதன் உதை பலருக்குக் கூடிப்போனது, மருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்ததும் கோதில், அதாவது குண்டையும் மருந்தையும் பிடிக்கிற பித்தளை உறையில், இடம் மிஞ்சியது, கோதையும் கட்டையாக்கினார்கள். 1990இல் வந்த .40 ஸ்மித் அண்ட் வெசன் அதுதான். பொலிஸ் திணைக்களங்கள் எல்லாம் அதன் பின்னால் ஓடின. கடைசியில் எப்.பி.ஐ. 2015 அளவில் திரும்ப 9க்கே வந்துவிட்டது. கிளப்பில் நண்பர் ஒருவரின் .40ஐ வாங்கிச் சுட்டிருக்கிறேன். 45 கையை மெதுவாகத் தள்ளும். .40 வெட்டி இழுக்கும். எனக்கு அந்த வெட்டு ஒத்துவரவில்லை.

.22 ஏன் முதலாவது என்பதற்கு ஒரு பந்தி போதாது. பிறகு வருகிறேன்.

2024 ஒக்ரோபர் 9

கிளிநொச்சியில் இருந்து ஓர் அக்கா: “எங்கட மண்ணில இருந்துகொண்டு துவக்கைப் பற்றிச் சிரிச்சுக் கதைக்க என்ன கிடக்கு?”

அக்கா, நியாயமான கேள்வி. ஆகவே எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கதைப்பது கடதாசி இலக்கில் சுடுகிற பிஸ்ரலையும், வயல் காவலுக்கு வைத்திருக்கிற சொட்கன்னையும் பற்றி மட்டும். 2009 வரை எங்கள் தலைக்கு மேலால் போனவற்றை யாராவது கலிபர் வாரியாகத் தரம் பிரிக்க வந்தால் நான் பதில் எழுதமாட்டேன். அதில் பிடித்தது பிடிக்காதது என்று ஒன்றும் இல்லை.

.22 எனக்கு ஏன் முதலாவது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊர் ஆட்களுக்கு வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு தானாகவே நிலத்தைத் தேடும். கிளப்பில் சேர்ந்த புதிதில் பக்கத்து மேடையில் ஆள் சுடும் ஒவ்வொரு தடவையும் என் தோள் குனிந்துவிடும். அங்கிருந்த வயதான பயிற்றுநர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. 9ஐ வாங்கி வைத்துவிட்டு ஒரு .22ஐக் கையில் தந்தார், இரட்டைக் காது மூடியும் தந்தார். .22இன் குண்டு 2.6 கிராம். உதை என்று சொல்ல ஒன்றும் இல்லை, சத்தமும் சின்னது. அதைச் சுட்டுச் சுட்டுத்தான், எப்போது வெடிக்கவேண்டும் என்பதை என் விரல் தீர்மானிக்கிறது என்பது உடம்புக்குப் பிடிபட்டது. பிறகு பெரியவற்றைப் பிடிக்க முடிந்தது. பெரியதில் தொடங்கியிருந்தால் அடுத்த கிழமை நான் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டேன்.

2024 ஒக்ரோபர் 10

இலங்கைக்காரன் எப்படிச் சுவிஸ் கிளப்பில் சுட்டாய் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சுவிஸ் சட்டத்தில் சில நாட்டுப் பிரஜைகள் ஆயுதம் வாங்கவும் வைத்திருக்கவும் சுடவும் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இலங்கையும் உண்டு. நான் அங்கே பிரஜாவுரிமை எடுத்த பிறகுதான் சேர்ந்தேன்.

2024 ஒக்ரோபர் 13

ரொறன்ரோவில் இருந்து மருமகனும் எழுதிவிட்டார், .44 மக்னத்துக்காக. “மாமா, ராசா அதுதான்.”

மருமகன், 1955இல் வந்த அந்த ராசாவின் சக்தி 9ஐப் போல இரண்டரை மடங்கு. பெரிய மிருகம் திரிகிற காட்டில் இடுப்பில் வைத்திருக்க அமெரிக்கர்களுக்கு அது பொருந்தும். கடதாசியில் ஓட்டை போட எதற்கு? மாலை முழுக்க .44 சுட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போன ஒருவரையும் நான் காணவில்லை. அதோடு உங்கள் கனடாவில் 2022 ஒக்ரோபர் 21இல் இருந்து கைத்துப்பாக்கி விற்கவோ வாங்கவோ கைமாற்றவோ முடியாது. ஆகவே ராசாவைப் படத்தில் பார்த்துக்கொண்டு இருங்கள்.

சுழல் துப்பாக்கி பிடித்திருந்தால் .357ஐச் சொல்லுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். 1935இல் வந்தது. .38 ஸ்பெசலின் அதே குண்டு விட்டம்தான், கோது மூன்று மில்லிமீற்றர் அளவில் நீளம். நீளமாக்கியது காரணத்தோடு: கூடிய அழுத்தமுள்ள .357ஐப் பழைய .38 துப்பாக்கிக்குள் யாரும் செருகிவிடக் கூடாது. ஆனால் .357 துப்பாக்கிக்குள் .38 போகும். ஒரு துப்பாக்கி, பழகுவதற்கு மெல்லிய ரவை, தேவைப்பட்டால் வலுத்த ரவை. யோசித்துச் செய்த வேலை என்றால் அதுதான்.

.38 என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே இருப்பது .357 அங்குலம் என்பதையும் கவனியுங்கள். .44 மக்னம் உண்மையில் .429. பெயரில் இருக்கிற இலக்கத்தை நம்பி அளவுகோல் எடுக்காதீர்கள்.

2024 ஒக்ரோபர் 19

வவுனியாவில் இருந்து இளைப்பாறிய சார்ஜன்ட் ஐயா ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இடுப்பில் சுழல் துப்பாக்கி கட்டிய காலத்து ஆள். அவருடைய கட்சி வெப்லி என்ற பிரித்தானியச் சுழல் துப்பாக்கியும் .38உம். “அது சிக்காது தம்பி. ஒன்று வெடிக்காவிட்டால் திரும்ப அழுத்தினால் அடுத்தது வந்து நிற்கும்.”

ஐயா, அந்த விசயத்தில் உங்களோடு வாதாட ஆள் இல்லை. பழைய துப்பாக்கியும் பழைய ரவையும் கொடுக்கப்பட்ட மனிதனுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ரவையை மட்டும் எடுத்துப் பார்த்தால் பிரித்தானியர் .455இல் இருந்து .38க்கு இறங்கியதே சனத்துக்குப் பழக்குவதற்காகத்தான். முதலாம் உலகப் போரில் கனத்த .455 வெப்லியைப் பிடித்துக் குறி பார்க்கப் புதிய ஆட்களைப் பழக்குவது கஷ்டமாக இருந்தது. பிறகு வந்த .38இல் 200 கிரெய்ன், அதாவது 13 கிராம் குண்டை மெதுவாக அனுப்பினார்கள். சின்னத் துப்பாக்கி, குறைந்த உதை, பழக்குவது சுலபம். நீங்கள் புகழ்வதும் நான் .22ஐப் புகழ்வதும் ஒரே காரணத்துக்குத்தான்.

இந்தப் பாடத்தை எல்லாப் படைகளும் கற்றிருக்கின்றன, பிறகு மறந்திருக்கின்றன. பிலிப்பைன்ஸில் .38 போதவில்லை என்று அமெரிக்கர் 1904இல் மாடுகளிலும் பிணங்களிலும் சுட்டுப் பரிசோதித்து 45தான் வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில்தான் ஜோன் பிரவுணிங் 45 ஏசிபியைச் செய்தார். 1911இல் இருந்து அதைச் சுமந்தவர்கள் 1985இல் 9 மில்லிமீற்றர் பெரெட்டாவுக்கு மாறினார்கள். ஜேர்மனியில் ஜோர்ஜ் லூகர் 1902இலேயே செய்து வைத்த ரவை அது.

2024 ஒக்ரோபர் 31

இன்றைக்குக் கற்சிலைமடுப் பக்கம் போய்வந்தேன். 1803 இதே நாளில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனை ஆங்கிலேயரின் கப்டன் வான் டிறிபேர்க் அங்கே தோற்கடித்ததாகக் கல்லில் வெட்டி நட்டார்கள். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன், ஓகஸ்ட் 25இல், முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் பிடித்துப் பீரங்கிகளைக் கொண்டுபோனான் என்பதும் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை.

பீரங்கி என்றதும் தம்பி கேட்ட இன்னொரு கேள்வி நினைவுக்கு வந்தது. சொட்கன்னுக்கு ஏன் 12 போர், 16 போர் என்று சொல்கிறார்கள், ஏன் இலக்கம் கூடக் கூடக் குழாய் ஒடுங்குகிறது?

அந்தக் காலத்தில் பீரங்கியைக் குண்டின் எடையால் சொன்னார்கள்: மூன்று இறாத்தல், ஆறு இறாத்தல். கையால் பிடிக்கிற துவக்குக்கு இறாத்தல் கணக்கில் குண்டு வராது. ஆகவே கணக்கைத் திருப்பினார்கள். ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டை ஆக்கினால் ஒரு உருண்டை சரியாக இறங்குகிற குழாய் 12 போர். விட்டம் 18.5 மில்லிமீற்றர். 16 உருண்டை ஆக்கினால் 16 போர், 16.8 மில்லிமீற்றர். 20 என்றால் 15.6. .410 மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது, அது நேரே குழாயின் அங்குல அளவு.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: 16. அப்பாவிடம் இருந்தது ஒற்றைக் குழாய் 16. காலபோகத்தில் பரணில் காவல் இருக்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஓர் இறாத்தலுக்கு 16 அவுன்ஸ். ஆகவே 16 போரின் உருண்டை ஒன்று சரியாக ஓர் அவுன்ஸ். தோட்டாவில் போடுகிற சன்னமும், அதாவது சின்ன ஈய உருண்டைகளும், மொத்தமாக வழமையாக ஓர் அவுன்ஸ், 28 கிராம். குழாய்க்கும் சன்னத்துக்கும் இப்படிப் பொருத்தம். சன்னத்தின் எடையைப் போல 96 மடங்கு துவக்கின் எடை இருந்தால் தோள் தாங்கும் என்று பழைய துவக்குக் கொல்லர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 16க்கு அது ஆறு இறாத்தல். இரவு முழுக்க வரம்பிலே சேறு உழக்கித் திரிகிறவனுக்கு அந்த எடை போதும்.

அந்தத் துவக்கு இடப்பெயர்வோடு போய்விட்டது.

2024 நவம்பர் 3

12 போர்காரர் படையாக வந்துவிட்டார்கள். ஒட்டுசுட்டான், முள்ளியவளை, மாங்குளம், எல்லா இடத்திலும் 12தானே அண்ணை, 16க்குத் தோட்டா எங்கே எடுக்கிறது என்று கேட்கிறார்கள்.

சரி. தோட்டா கிடைக்காத துவக்கு உலக்கைதான். அப்பாவும் 16க்குத் தோட்டா தேடி அலைந்ததுண்டு. வருடா வருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பித்து, வயலுக்கு என்று வைத்திருக்கிற ஒருவர் இன்று என்னிடம் கேட்டால் 12ஐத்தான் சொல்லுவேன். ஆனால் கேள்வி எது பிடிக்கும் என்பது. பிடித்தது 16தான். அதை விடமாட்டேன்.

2024 நவம்பர் 4

ஒன்று முக்கியம், வீட்டில் இரண்டு அளவு தோட்டா வைத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். 20 போர் தோட்டாவை 12 போர் துவக்குக்குள் போட்டால் அது நிற்காது, வழுக்கிக் குழாய்க்குள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். ஆள் 12 தோட்டா ஒன்றைப் போட்டுச் சுடுவார். குழாய் வெடித்து இடது கை போகும். இதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் இருக்கிற இலக்கத்தைப் பாருங்கள். இருட்டில் காவல் போகிறவர்கள் ஒரே அளவுதான் சட்டைப்பையில் வைக்கவேண்டும்.

2024 டிசம்பர் 1

வெள்ளம் வடிகிறது. எங்கள் பக்கத்தில் விதைத்ததில் பாதி கழுவிக்கொண்டு போய்விட்டது, திரும்ப விதைக்க நெல்லுத் தேடுகிறோம். பிறகு எழுதுகிறேன்.

2024 டிசம்பர் 8

வெள்ளத்துக்குப் பிறகு படங்கள் வருகின்றன. வாய்க்கால் கரை அரித்த இடத்தில், உழுத இடத்தில், வேலியோரத்தில் கிடைத்தது என்று. “அண்ணை, இது என்ன கலிபர்?”

பதில் சொல்லமாட்டேன். படம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவும் எழுதிவிட்டேன். நிலத்தில் கிடந்த எதையும் அளந்து பார்க்கக் கையில் எடுக்கவேண்டாம். சுட்ட வெற்றுக்கோதா, சுடாத ரவையா, அதைவிட மோசமானதா என்று துருவும் சேறும் பிடித்ததைப் படத்தில் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பதினைந்து வருடம் மண்ணுக்குள் கிடந்தால் செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். சாகாது. உள்ளே இருக்கும் மருந்து பழுதடையும்போது நிதானம் கெட்டுப்போகவும் கூடும். வெள்ளம் ஒரு காணியில் இருந்து இன்னொரு காணிக்கு இவற்றை நகர்த்தியும் விடும். ஆகவே துப்புரவு செய்து முடித்த காணி என்ற தைரியமும் வேண்டாம்.

கண்டால் நின்ற இடத்தில் நில்லுங்கள், வந்த காலடியாலேயே திரும்பிப் போங்கள், தூரத்தில் ஒரு தடியோ துணியோ அடையாளம் வையுங்கள், கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். கண்ணிவெடியும் வெடிக்காத குண்டும் அகற்றுகிற ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் 2002இல் இருந்து இந்த வேலையை வடக்கில் செய்துகொண்டிருக்கிறது. அதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும் அதை என்ன செய்வதென்று. பழைய இரும்புக்குக் காசு கிடைக்கும் என்று பித்தளை பொறுக்குகிற பெடியளைக் கண்டால் மறித்துச் சொல்லுங்கள். ஒரு கிலோ பித்தளைக்காக விரல் இல்லாமல் திரிகிற பிள்ளையை எனக்குத் தெரியும்.

இந்த விசயத்தில் மட்டும் பகிடி வேண்டாம்.

2024 டிசம்பர் 15

பன்றி இறங்கிவிட்டது. பிழைத்த பயிரையும் கிண்டுகிறது. ஆகவே சன்னம் பற்றிய பேச்சு தானாக வந்துவிட்டது.

தம்பி ஒருவர் எஸ்ஜி தோட்டாதான் சிறந்தது என்கிறார். பிரித்தானிய எண்ணில் எஸ்ஜி என்றால் அவுன்சுக்கு எட்டே சன்னம், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீற்றர். பிபி 70 சன்னம். 6ஆம் இலக்கம் 270. அமெரிக்கத் தோட்டாவில் இதே இலக்கத்துக்கு வேறு அளவு வரும், பெட்டியைப் பார்த்து வாங்கவேண்டும்.

எஸ்ஜியில் எனக்குப் பயம் இருக்கிறது. சன்னத்தின் பருமன் கூடக் கூட அது போய் விழுகிற தூரமும் கூடும். 6ஆம் இலக்கச் சன்னம் 200 மீற்றர் அளவில் விழுந்துவிடும். எஸ்ஜி 600 மீற்றர் தாண்டியும் போகும். எங்கள் வயல் வெளியில் 600 மீற்றருக்குள் என்ன இல்லை? அடுத்த பரணில் இன்னொரு மனிதன் இருக்கிறான், குளக்கட்டால் சைக்கிளில் ஆள் போகிறது, மாட்டுப்பட்டி கிடக்கிறது. இருட்டில் ரோர்ச் வெளிச்சத்துக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாமல் எட்டுக் குண்டை அனுப்புவதா? அப்பா சத்தத்துக்குத்தான் சுட்டவர். மேலே, காட்டுப் பக்கம். பன்றிக்கு அது போதும், அன்றிரவு திரும்பி வராது. அடுத்த நாள் வரும், நாங்களும் அடுத்த நாள் பரணில் இருப்போம்.

யானைக்கு வனசீவராசிகள் திணைக்களம் தருகிற யானைவெடிதான். துவக்குச் சன்னம் யானையைக் கொல்லாது, காயப்படுத்தும். சீழ் பிடித்த காலோடு திரிகிற யானை ஊருக்குள் வந்தால் அது துரத்துவது சுட்டவனையா? முதலில் அகப்படுகிற ஆளை.

2024 டிசம்பர் 16

பிடிக்காத பட்டியலில் .40ஐ எழுதினேன். உண்மையில் அந்தப் பட்டியலின் அடியில் இருக்கவேண்டியது கலிபர் எதுவும் அல்ல, கட்டுத்துவக்கு: மிருகம் தட்டுப்பட்டால் தானாகவே வெடிக்கும்படி காட்டுக்குள் கட்டி வைக்கிற துவக்கு. நேற்று இருவர் அதைப் புகழ்ந்து எழுதியதால் சொல்கிறேன். மற்ற எந்தத் துவக்கிலும் விசையில் ஒரு மனிதனின் விரல் இருக்கிறது. கட்டுத்துவக்கில் யாரும் இல்லை. பன்றிக்கு என்று கட்டுகிறார்கள். விறகுக்குப் போனவர், தேன் எடுக்கப் போனவர், மாடு தேடிப் போன பிள்ளை என்று அதில் அகப்பட்ட ஆட்களை இந்தப் பக்கத்து வைத்தியசாலைகளில் கண்டிருக்கிறோம். முழங்காலுக்குக் கீழே அடிபடும், காட்டுக்குள் இரத்தம் போகும், தூக்கிக்கொண்டு வர ஆள் இருக்காது. சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். உங்கள் மைத்துனரும் அதே காட்டுக்குள்தான் போகிறார்.

2025 ஜனவரி 5

மாங்குளத்தில் இருந்து ஒரு பள்ளிக்கூடப் பெடியன்: “டெசர்ட் ஈகிள் 50 பற்றி ஏன் எழுதவில்லை?” கைத்தொலைபேசி விளையாட்டில் அதுதான் பெரியதாம்.

மகன், .50 என்றால் 12.7 மில்லிமீற்றர் குண்டு. துப்பாக்கி வெறுமையாகவே இரண்டு கிலோ. விளையாட்டில் அதற்கு எடையும் இல்லை, விலையும் இல்லை. ஒரு ரவைக்குக் கொடுக்கிற காசுக்கு .22 ஒரு பிடி வாங்கலாம். விளையாட்டாகவே சுடப் பழக விருப்பம் என்றால் 10 மீற்றர் காற்றுப் பிஸ்ரலைப் பார். 4.5 மில்லிமீற்றர் ஈயத் துணுக்கு. இலக்கின் நடுப் பத்து 11.5 மில்லிமீற்றர், சட்டைப் பொத்தான் அளவு. சென்ற வருடம் பரிஸில் இந்தியாவின் மனு பாக்கர் அதில் வெண்கலம் எடுத்தார். 2012 இலண்டனில் விஜய் குமார் 25 மீற்றரில் வெள்ளி எடுத்தது .22இல். உலகத்தில் மிகவும் துல்லியமாகச் சுடுகிறவர்கள் எல்லாரும் மிகச் சின்னக் கலிபரைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

2025 ஜனவரி 12

சார்ஜன்ட் ஐயா கேட்டதற்காக என் வரிசையை முழுதாக எழுதுகிறேன். யோசித்ததில் நடுவில் ஒன்று மேலே வந்துவிட்டது.

முதலாவது .22, சொல்லியாயிற்று. 1887இல் வந்தது இன்றைக்கும் விற்பனையில் நிற்கிறது. ஒரு குறை உண்டு: விளிம்பில் அடித்து வெடிக்கிற ரவை என்பதால் சில வேளை வெடிக்காமல் நிற்கும், வெற்றுக்கோதைத் திரும்ப நிரப்பவும் முடியாது.

இரண்டாவதாக 9ஐ வைக்க இருந்தேன். இல்லை, 7.65 பரபெல்லம். 9க்குத் தகப்பன் அதுதான். கழுத்து ஒடுங்கிய அந்தக் கோதின் வாயை அகட்டித்தான் லூகர் 9ஐச் செய்தார். சுவிஸ் இராணுவம் 1900ஆம் ஆண்டிலேயே லூகர் பிஸ்ரலை இந்த ரவையோடு எடுத்துக்கொண்டது. ஆறு கிராம் குண்டு, 9ஐ விட மெல்லிய உதை, நேரான ஓட்டம். கிளப்பில் ஒரு கிழவரிடம் இருந்தது. அவர் அதைக் கொண்டுவருகிற நாளில் நாங்கள் வரிசையில் நிற்போம். இன்று ரவை தேடுவது கஷ்டம், 16 போர் தோட்டாவைப் போல. எனக்குப் பிடிக்கிறதெல்லாம் கடையில் இல்லாததுதான் என்று மனைவி சொல்லுகிறா.

மூன்றாவது 9. சிக் பி210 என்ற பிஸ்ரலில் சுட்டால் இதை முதலாவதாக வைக்கவும் மனம் வரும். 1949இல் சுவிஸ் இராணுவம் எடுத்தது. அதில் 50 மீற்றரில் சுடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

நாலாவது .38உம் .357உம் சேர்ந்து. ஐந்தாவது 45. அதற்குக் கீழே .32, .380. 1914இல் சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசரைச் சுட்டது .380தான். ஒரு சின்ன ரவை உலகப் போரைத் தொடக்கியது என்று ஐயா எழுதியிருந்தார். போருக்குக் காரணம் ரவை இல்லை, ஐயா.

.25ஐயும் .40ஐயும் அடியில் விடுகிறேன். .25 சட்டைப்பையில் வைக்கிற பிஸ்ரலுக்கென்று 1905இல் வந்தது. குறி பார்க்க நீளம் இல்லை, பிடிக்கக் கைப்பிடியும் இல்லை. இலக்கில் சுட அதனால் ஒரு பயனும் இல்லை.

2025 ஜனவரி 14

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். கிளிநொச்சி அக்கா எழுதியிருக்கிறா, தன் மகன் கொழும்பில் காற்றுப் பிஸ்ரல் பழகப் போகிறானாம், என்ன கவனிக்கவேண்டும் என்று கேட்டு. மிகவும் சந்தோசம் அக்கா.

கண்ணுக்கும் காதுக்கும் மூடி. விசையில் விரல் கடைசியில்தான். சுட்டு முடிந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கையில் ஈயம் ஒட்டியிருக்கும், கழுவாமல் சாப்பிடக் கூடாது. உள்ளரங்கில் காற்றோட்டம் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். முதல் மாதம் இலக்கில் எத்தனை புள்ளி என்று அவனிடம் கேட்கவேண்டாம்.

2025 பெப்ரவரி 9

அறுவடை முடிந்தது. நெடுங்கேணித் தம்பி இன்னும் 45ஐ விடவில்லை. “ஒரு நல்ல குணம் கூடவா இல்லை அண்ணை?”

இருக்கிறது தம்பி. இரண்டு. அது ஒலியை விட மெதுவாகப் போகிறது, ஆகவே 9இல் வருகிற அந்தச் சவுக்கடிச் சத்தம் இல்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது நிம்மதி. மற்றது உனக்குப் பிடிக்கும். இலக்கில் ஓட்டையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே உள் வளையத்தின் புள்ளி கிடைக்கும். 45இன் ஓட்டை 9இன் ஓட்டையை விட ஒவ்வொரு பக்கத்தாலும் 1.2 மில்லிமீற்றர் அகலம். 9காரன் ஒன்பது வாங்குகிற இடத்தில் சில தடவை நீ பத்து வாங்குவாய். அமெரிக்கர்களின் பழைய புல்ஸ்ஐ போட்டியில் .22க்கு ஒரு சுற்று, நடுவடி ரவைக்கு, அதாவது .22ஐப் போல விளிம்பில் இல்லாமல் அடியின் நடுவில் அடித்து வெடிக்கிற ரவைக்கு, ஒரு சுற்று, 45க்கென்றே ஒரு சுற்று என்று வைத்திருக்கிறார்கள்.

உலகப் போட்டிகளில் உன்னை விடமாட்டார்கள். அங்கே நடுவடிப் பிஸ்ரலுக்கு 9.65 மில்லிமீற்றருக்கு மேல் அனுமதி இல்லை. அதற்கு .38ஓடு வரவேண்டும், அல்லது சார்ஜன்ட் ஐயாவிடம் ஒன்று கேட்டு வாங்கு.